தீவகத்தின் வரலாற்றைக் காக்கும் பணியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் தீவுகளைச் சேர்த்துத் தீவகம் என்கிறோம். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, வடக்கே காரைநகர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் இவற்றில் பெரும்பாலான ஊர்கள் வெறுமையாகின. போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்துகொண்டு, "எங்கள் ஊரைப் பற்றி எங்கே தேடுவது, நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். ஊரிலேயே இருக்கும் இளைஞர்களும் அதையே கேட்கிறார்கள். சில ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பதால், தொடங்கும்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு புதிய அமைப்பைத் தொடங்கப் பார்க்கிறார்கள். பெயர், இலச்சினை, தலைவர், செயலாளர் எல்லாம் வந்துவிடும். ஆவணம் ஒன்றும் வராது. தயவுசெய்து ஓர் ஆண்டாவது ஏற்கெனவே இருக்கும் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் நூலகம் நிறுவனம். 2005இல் தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கிய இந்த எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், மலர்கள், சிறு வெளியீடுகள் ஆகியவற்றை எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாகப் படிக்க இணையத்தில் வைக்கிறது. ஒலிப்பதிவு, காணொளி, புகைப்படம் போன்றவற்றுக்கு ஆவணகம் என்று தனித் தளம் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரை அங்கே இட்டுத் தேடுங்கள். ஒரு தடவை தேடிவிட்டு விடாதீர்கள். ஊர்காவற்றுறை, ஊராத்துறை, காவலூர், கயிற்ஸ் எல்லாம் ஒரே துறைமுக ஊர்தான். ஒல்லாந்தர் காலத்து வரைபடங்களில் காரைநகர் ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

அடுத்தது உங்கள் ஊர்ச் சங்கம். பழைய மாணவர் சங்கம், நலன்புரிச் சங்கம், ஒன்றியம் என்று பெயர்கள் மாறும். வெளிநாடுகளில் இவை ஆண்டுவிழா நடத்தும், பள்ளிக்கூடத்துக்குப் பணம் அனுப்பும், மலர் வெளியிடும். அந்த மலர்களில்தான் ஊரின் வரலாறு துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ஒரு சங்கத்தின் பழைய செயலாளர் வீட்டு நிலவறையில் இருக்கும் இரண்டு பெட்டிகளைத் திறக்க அனுமதி வாங்கிக் கொடுத்தாலே நீங்கள் பெரிய வேலை செய்தவராவீர்கள்.

ஊரில் இருப்பவர்கள் சனசமூக நிலையத்திலிருந்து தொடங்கலாம். கோயில் பரிபாலன சபை, பள்ளிக்கூட அதிபர், பங்குத் தந்தை, பிரதேச செயலகம் ஆகியோரிடமும் போக வேண்டியிருக்கும். தீவகத்தில் நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் என நான்கு பிரதேச செயலகங்கள் உள்ளன. உங்கள் ஊர் எதற்குள் வருகிறது என்று முதலே தெரிந்துகொள்ளுங்கள். கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து, செயலகம் வெளியிட்ட மலர்கள் இருந்தால் பாருங்கள்.

காலனித்துவக் காலத்து ஆவணங்கள் தேவைப்பட்டால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளில் ஒரு பெரிய தொகுதி ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அவை வேண்டியவை, ஆனால் முதல் ஆண்டில் வேண்டாம். பழைய டச்சு எழுத்தைப் படிக்கப் பழகுவதற்குள், ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஆச்சி கண்ணை மூடிவிடுவார்.

சிறிய எல்லை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

"புங்குடுதீவின் வரலாறு" என்று தொடங்கினால் முடியாது. ஒரு வட்டாரம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கூத்து மரபு, ஒரு துறைமுகம், ஒரு குளம் என்று எடுங்கள். என்னோடு சேர்ந்த தம்பி ஒருவர் தன் வட்டாரத்துக் கிணறுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். தீவுகளில் நன்னீர் அரிது. எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர்த் தண்ணீர், ஊற்று நீருக்காக மண்ணில் தோண்டும் பூவல் எங்கே, யார் யாருக்கு எந்தக் கிணற்றில் அள்ள அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்று விசாரிக்கத் தொடங்கியவருக்கு ஊரின் சாதி, திருமணம், வறட்சி, இடப்பெயர்வு அனைத்தும் அந்த வாளியிலேயே ஏறி வந்தன.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்: கல்வெட்டு

வெளியூர்க்காரருக்குக் கல்வெட்டு என்றால் பாறையில் பொறித்த எழுத்து. நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரையும் கல்வெட்டு என்கிறோம். சாமித் தட்டிலோ அலுமாரியின் மேல்தட்டிலோ ஒரு கட்டு இருக்கும். நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சி அதில் ஒன்றை எடுத்து முழுதாகப் படிப்பதுதான்.

அட்டையில் படம், பிறந்த நாள், இறந்த நாள். உள்ளே திதி வெண்பா. இறந்த ஆண்டின் தமிழ்ப் பெயர், மாதம், பிறை, திதி எல்லாம் நான்கு அடிக்குள் அடங்கியிருக்கும். பிறகு தேவாரங்கள். அவற்றை ஆவணத்துக்குத் தேவையில்லை என்று தள்ளிவிடாதீர்கள், எல்லாப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். அதன் பிறகு வாழ்க்கை வரலாறு: எந்த ஊரில் பிறந்தார், எந்தப் பள்ளியில் படித்தார், மலாயாவில் எத்தனை ஆண்டு எழுதுவினைஞராக இருந்தார், கண்டியிலோ கொழும்பிலோ கடை வைத்திருந்தாரா, எப்போது திரும்பி வந்து எந்தக் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார். கடைசியில் வம்சாவளி. பின்னட்டையில் அச்சகத்தின் பெயர். அந்தப் பெயரை வைத்தே எங்கள் ஊர் அச்சுத் தொழிலை ஒருவர் ஆராயலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பழைய கல்வெட்டுகளில் ஆண்களின் பெயர் மூன்று தலைமுறைக்கு மேலே போகும். பெண் "இன்னாரின் பாரியார்" என்று நின்றுவிடுவார். கல்வெட்டு அச்சிட வசதியில்லாத குடும்பங்களும் ஏராளம். ஆகவே அச்சுத்தாளை மட்டும் சேர்க்கும் காப்பகம் ஊரின் பாதியை விட்டுவிடும். அந்தப் பாதியைப் பேச்சிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

காணி உறுதிகளையும் பாருங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத நிலப் பெயர்கள் அதில் இருக்கும். வளவு, புலம், கலட்டி, வெளி என்று முடியும் அந்தப் பெயர்களைத் தனியே பட்டியலிடுங்கள். உறுதியை மட்டும் இணையத்தில் போட வேண்டாம். உரிமைப் பிணக்குகள் இன்னும் நீதிமன்றத்தில் இருக்கும் காணிகள் அதிகம். பெயர்ப் பட்டியல் போதும்.

மூலம் வீட்டில், படி பொதுவில்

இந்த ஒரு விதியை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. எதையும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே வைத்துப் படமெடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு புகைப்படத் தொகுப்பு இருந்தது. கறுப்புத் தாளில், மூலைகளில் சிறு முக்கோணம் ஒட்டிச் செருகிய படங்கள். என் அம்மம்மாவின் தகப்பனார் தோணியில் தண்டையலாக, அதாவது தோணித் தலைவராக, நின்ற படம் அதில் ஒன்று. நல்ல மனத்தோடு வந்த ஒருவர், வெளிநாட்டில் நல்ல ஸ்கேனர் இருக்கிறது, இரண்டு மாதத்தில் தருகிறேன் என்று வாங்கிப் போனார். வீடு மாறினார், பிறகு நோயில் விழுந்தார். தொகுப்பு திரும்பவில்லை. அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அம்மம்மா சாகும்வரை அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பதும் ஆபத்து. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை அதில் இருந்தன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டமும், நிதி கொடுக்கும்போது மூலங்கள் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும், எண்ணிமப் படிகள் வேறு இடங்களில் சேர வேண்டும் என்றே வலியுறுத்துகிறது. நூலகம் நிறுவனமும் அந்தத் திட்டத்தோடு இணைந்து வேலை செய்திருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் வைத்திருங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வேறோர் ஊரில் இருக்கும் நண்பரிடம், ஒன்று காப்பக அமைப்பிடம். வன்தட்டுகள் பழுதாகும். இரண்டு வன்தட்டுகளையும் ஒரே மேசை இழாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) வைத்திருந்தால் அதை ஒரு படியாகவே எண்ணுங்கள்.

படமெடுக்கும் முறை

ஸ்கேனர் இருந்தால் அச்சுத் தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, புகைப்படத்துக்கு 600 புள்ளி. கறுப்பு வெள்ளைத் தாளாக இருந்தாலும் வண்ணத்திலேயே எடுங்கள். மையின் நிறமும் தாளின் பழுப்பும் பிறகு வருகிற ஆய்வாளருக்கு ஏதாவது சொல்லும்.

பெரும்பாலான வீடுகளில் உங்கள் கையில் கைத்தொலைபேசிதான் இருக்கும். அதுவும் போதும். காலை வெயில் நேரே விழாத யன்னலோரம் மேசை போடுங்கள். கறுப்புத் துணி விரித்து அதன்மேல் தாளை வையுங்கள், ஓரத்தில் ஓர் அடிமட்டம். பிளாஷ் வேண்டாம். தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். அட்டை, உள்ளட்டை, வெற்றுப் பக்கம், பின்பக்கத்துக் கிறுக்கல் எதையும் விடாதீர்கள். புகைப்படமானால் பின்பக்கம் கட்டாயம். படம்பிடித்த நிலையத்தின் முத்திரையும், பென்சிலில் எழுதிய "தங்கச்சிக்கு அன்புடன்" என்ற வரியும் அங்கேதான் இருக்கும்.

தீவுக் காற்றில் உப்பு. குத்தூசிகள் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். நைந்துபோகாத தாளானால் மெதுவாகக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டக்கூடாது, பிளாஸ்டிக்கில் அழுத்திப் பதிக்கவும் கூடாது. கறையான் ஏறிய கட்டு என்றால் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பனையோலை ஏடு கிடைத்தால் நீங்களாக எண்ணெய் பூசவோ துடைக்கவோ வேண்டாம். இருந்தபடியே கட்டி, ஏடுகளைக் கையாளப் பயின்றவரை அழைத்து வாருங்கள்.

அன்று மாலையே கோப்புகளுக்குப் பெயரிடுங்கள். தீவு, வட்டாரம், ஆவணத்தின் வகை, ஆண்டு, பக்க எண் என்று ஒரே ஒழுங்கில் போகட்டும். யாருடைய வீட்டில், எந்த நாளில், யார் எடுத்தது என்பதை ஒரு தாளில் எழுதி அதையும் படமெடுத்துச் சேருங்கள். பெயரில்லாத 400 படங்களை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் உங்களுக்கே ஒன்றும் விளங்காது.

பெரியவர்களிடம் பேசுவது

நீங்கள் கேள்வி கேட்கும் முன்பு அவர்கள் கேட்பார்கள். "நீ யாருடைய பேரன்? எந்த வட்டாரம்?" நேராகப் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குள் சில நேரம் சாதி விசாரணையும் இருக்கும். அதற்காக எரிச்சல்படாதீர்கள், அதே நேரம் அவர்கள் கைகாட்டும் வீடுகளோடு நின்றுவிடவும் வேண்டாம். ஊரில் எல்லாரும் அனுப்பும் முதல் ஐந்து வீடுகள் எப்போதும் ஒரே ஐந்து வீடுகள்தான். ஆறாவது வீட்டை நீங்களே தேடிப் போக வேண்டும். கோயில் உற்சவத்தின் வரலாறு உபயகாரரிடம் இருக்கும். தேர் வடத்தைத் தொட விடப்படாதவரிடமும் ஒரு வரலாறு இருக்கும்.

முதல் நாள் பதிவு வேண்டாம், தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் நாள் கருவியை எல்லாருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்து, எதற்காகப் பதிகிறீர்கள், எங்கே வைக்கப்படும், யார் கேட்கலாம் என்று விளக்குங்கள். சம்மதத்தைத் தாளிலும் வாங்குங்கள், பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலும் வாங்குங்கள். பிறகு நாள், இடம், இருவரின் பெயர். மின்விசிறியை நிறுத்துங்கள். முடிந்தால் சுருக்கப்படாத ஒலிக் கோப்பாகப் பதியுங்கள்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்று பதில் வரும், அதோடு முடியும். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். சோளகக் காற்றுப் பெயர்ந்தால் எந்தத் துறையில் வள்ளம் கட்டுவீர்கள்? கச்சான் காற்றுக்கு எங்கே? வாடைக்கு எந்தக் கூரை முதலில் போகும்? கடகப் பெட்டி இழைக்கப் பனஞ் சார்வோலை எங்கே வெட்டினீர்கள்? நெடுந்தீவானால் முருகைக்கல் (பவளப் பாறைக் கல்) வேலி கட்ட யார் வருவார்கள், கல்லை எப்படி அடுக்குவார்கள் என்று கேளுங்கள். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் கூத்துக் கொப்பி யார் கையில் இருந்தது, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எந்த இடத்தில் இராகம் மாற்றுவார் என்று கேளுங்கள். கேட்டதும் அவர் பாடத் தொடங்கினால் நீங்கள் பேசாமல் இருங்கள். நான் ஒரு தடவை இடையில் புகுந்து "இது எந்த ஆண்டு?" என்று கேட்டேன். பாட்டு நின்றது. அவர் மறுபடி பாடவில்லை.

போரைப் பற்றிய பேச்சு தானாக வரும். 1985 மே 15இல், நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினி என்ற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களின் உறவினர் நெடுந்தீவில் இன்றும் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிறவர்கள் பல தீவுகளிலும் இருக்கிறார்கள். நீங்களாகத் துருவ வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நடுவில் கருவியை நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே நிறுத்துங்கள். எவரையும் ஆபத்தில் தள்ளக்கூடிய பெயரும் இடமும் வெளிப் படியில் இருக்கக்கூடாது. சில பதிவுகளை இத்தனை ஆண்டு கழித்துத்தான் திறக்கலாம் என்று எழுதி மூடி வைக்கலாம். காப்பகத்தோடு முதலே அதைப் பேசிக்கொள்ளுங்கள்.

மண்ணில் கிடப்பதைத் தொடாதீர்கள்

தீவகத்தின் தொன்மை பெரிது. பொலனறுவையை ஆண்ட மன்னன் முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் தமிழில் பொறித்த சாசனம் நயினாதீவில் உண்டு. பிற நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பலானால் சரிபாதி. அல்லைப்பிட்டியில் பழைய சீனப் பீங்கான்கள் கிடைத்திருக்கின்றன. இதையெல்லாம் படித்துவிட்டுக் கடற்கரையில் கிளறத் தோன்றும். கூடாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் அகழ்வது குற்றம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு பானை ஓட்டுத் துண்டை அது கிடந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டால் அது சொல்லக்கூடிய செய்தியில் பாதி போய்விடும். கிடந்த இடத்திலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்து, யாழ்ப்பாணத்திலுள்ள தொல்பொருள் திணைக்கள அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியர்களுக்கோ சொல்லுங்கள்.

அனுமதியும் ஒப்படைப்பும்

இலங்கையில் ஒருவர் எழுதியதற்கு அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே ஊர் மலரை இணையத்தில் வைக்கச் சங்கத்தின் கையொப்பமும், தனி நூலுக்கு ஆசிரியரின் அல்லது வாரிசுகளின் கையொப்பமும் வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். கேட்காமல் வைத்தால் அடுத்த வீட்டுக் கதவும் சாத்தப்படும்.

ஒப்படைக்கும்போது கோப்புகளோடு விவரப் பட்டியல், சம்மதத் தாள்கள், மூலம் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பு மூன்றும் போக வேண்டும். ஆண்டு தெரியாவிட்டால் ஊகித்து எழுதாமல் வெற்றிடமாக விடுங்கள்.

கடைசி வேலை ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆவணம் தந்த வீட்டுக்கு ஓர் அச்சுப் படி கொண்டுபோங்கள். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்து, தாளை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் அப்படி ஒரு தடவை நயினாதீவுக்குப் போனேன். ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, வம்சாவளிப் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஓரிடத்தில் நின்று பென்சில் கேட்டார். "இன்னாரின் பாரியார்" என்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில், நடுங்கும் எழுத்தில் ஒரு பெயரை எழுதினார். "என்னுடைய பெரியம்மா. பெயரை விட்டுவிட்டார்கள்" என்றார். அந்தப் பக்கத்தை மறுபடி படமெடுத்துக்கொண்டு கடைசிப் படகுக்கு ஓடினேன்.